ரேமா, எஸ்.எஸ்.டி.யா? இருக்கிற லேப்டாப்பில் எதற்குக் காசு போடுவது

லேப்டாப்பில் இன்னும் சுழலும் ஹார்டு டிஸ்க்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் முதல் காசு எஸ்.எஸ்.டி.க்கு (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் டிரைவ்). ரேம் (திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி) 4 ஜிபியா 8 ஜிபியா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். எஸ்.எஸ்.டி. ஏற்கனவே இருக்கிற லேப்டாப்பில்தான் ‘ரேமைக் கூட்டுவதா, பெரிய எஸ்.எஸ்.டி. போடுவதா’ என்று யோசிக்க இடம் இருக்கிறது. அதற்கும் கடைக்காரரைக் கேட்பதைவிட லேப்டாப்பையே கேட்டுவிடலாம். பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இந்தக் கேள்வியோடு வரும் லேப்டாப்கள் பெரும்பாலும் மூன்று ரகம். ஒன்று, 2011-ல் தொடங்கிய திட்டத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்: ஆரம்பத்தில் வந்தவற்றில் 2 ஜிபி, பின்னால் வந்தவற்றில் 4 ஜிபி ரேம், கூடவே 2.5 அங்குல ஹார்டு டிஸ்க். இரண்டு, பெங்களூரு கம்பெனிகள் கழித்துவிட்டு ஓசூர் வழியாக செகண்ட் ஹேண்டில் வரும் தின்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக். மூன்று, கடையில் புதிதாக வாங்கிய மெல்லிய லேப்டாப்: 8 ஜிபி ரேம், 256 அல்லது 512 ஜிபி எஸ்.எஸ்.டி. மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

முதலில் எது முட்டுகிறது என்று பாருங்கள்

தினமும் செய்கிற வேலையை அப்படியே திறந்து வையுங்கள். குரோமில் வழக்கமான டேப்கள், டேலி, எக்செல், வாட்ஸ்அப் வெப், எது உண்டோ அது. பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரி, டிஸ்க், சி.பி.யு. மூன்றையும் பத்து நிமிடம் கவனியுங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, மெமரி 70, 75-ஐத் தாண்டவில்லை என்றால் குற்றவாளி ஹார்டு டிஸ்க்தான். டிஸ்க்கும் 100, மெமரியும் 90-க்கு மேல் என்றால் ரேம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கையே ரேமாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது; எஸ்.எஸ்.டி. முதலில், ரேம் அடுத்து. டிஸ்க் எஸ்.எஸ்.டி.யாகவே இருந்து, மெமரி பக்கத்தில் ‘கமிட்டெட்’ என்ற எண் (திறந்த சாஃப்ட்வேர்கள் கேட்டு வாங்கிய மொத்த மெமரி) உங்கள் ரேம் அளவைத் தொடர்ந்து தாண்டி நிற்கிறது என்றால் பெரும்பாலும் ரேம்தான் குறை. 8 ஜிபி ரேமில் கமிட்டெட் 11, 12 என்று காட்டி, மெமரியும் 90-க்கு மேல் நின்றால் வேறு சாட்சி வேண்டாம்.

மூன்றாவது ஒரு சாத்தியம் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அதில் விற்க ஒன்றும் இல்லை. மெமரியும் டிஸ்க்கும் சும்மா இருக்கின்றன, சி.பி.யு. மட்டும் 100-ல் கிடந்து ஃபேன் கத்துகிறது. கிரானைட் பட்டறைகள் ஓடுகிற ஊர்களில் இது நிறைய நடக்கும். மாவு போன்ற அந்தத் தூசி ஹீட் சிங்க்கின் இடுக்குகளை அடைத்துவிடும், சூடு வெளியேறாது, பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்த லேப்டாப்புக்கு 32 ஜிபி ரேம் போட்டாலும் அப்படியேதான் இருக்கும். ஃபேனைக் கழற்றித் துடைத்து, பிராசஸர் மேல் புது தெர்மல் பேஸ்ட் வைத்தால் சரியாகும்.

ஹார்டு டிஸ்க்கை மாற்றச் சொல்வது ஏன்

5400 சுழற்சி ஹார்டு டிஸ்க் பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்யும்போது வினாடிக்கு 100 எம்.பி. அளவுக்குக் கொடுக்கும். அது மோசமில்லை. ஆனால் விண்டோஸ் திறக்கும்போது கேட்பது பெரிய ஃபைல் இல்லை, அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள். ஒவ்வொன்றுக்கும் டிஸ்க்கின் முள் நகர்ந்து, தட்டு சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்படி வினாடிக்கு நூறு தடவைதான் அதனால் ஓடியாட முடியும். எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகம் இல்லை. சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.கூட வினாடிக்குப் பல்லாயிரம் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லும். இரண்டு நிமிடம் ஆன பூட், அரை நிமிடத்துக்குள் வந்துவிடுவது இதனால்தான்.

ஹார்டு டிஸ்க்கை வைத்துக்கொண்டே ரேமை மட்டும் 4-லிருந்து 8 ஆக்கினால்? எல்லாம் திறந்த பிறகு கொஞ்சம் நிம்மதி தெரியும். ஆனால் பூட், ஒவ்வொரு சாஃப்ட்வேரையும் முதல் தடவை திறப்பது, விண்டோஸ் அப்டேட், ஆண்டிவைரஸ் ஸ்கேன் எல்லாம் பழையபடியே. காசு போட்டும் ஒன்றும் மாறவில்லையே என்ற ஏமாற்றம் இந்த இடத்தில்தான் வரும்.

இன்னொரு காரணம் நம் ரோடு. தொப்பூர் கணவாயோ, தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்துக் கிராமச் சாலையோ, லேப்டாப்பை ஷட் டவுன் செய்யாமல் மூடி பையில் போட்டு பைக்கில் போகிறவர்கள் ஏராளம். ஓடிக்கொண்டிருக்கும் ஹார்டு டிஸ்க்குக்கு அந்தக் குலுக்கல் ஆகாது. எஸ்.எஸ்.டி.க்கு அது ஒரு பொருட்டில்லை.

கரண்ட் கட் மட்டும் இரண்டுக்கும் ஆகாது. பேட்டரி செத்துப்போய் சார்ஜரிலேயே ஓடும் லேப்டாப் என்றால், எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் மின்சாரம் போனால் எஸ்.எஸ்.டி.யின் உள் அட்டவணையே கெட்டு, டிரைவ் காணாமல் போவதும் உண்டு. அப்படிப்பட்ட லேப்டாப்புக்கு எஸ்.எஸ்.டி. வாங்கும்போதே பேட்டரியையும் கணக்கில் சேருங்கள். 16 ஜிபி ரேம் ஆசையைத் தள்ளிவைத்துவிட்டு அந்தக் காசைப் பேட்டரியில் போடுவது மேல்.

சாட்டாவா, என்.வி.எம்.இ.யா

எஸ்.எஸ்.டி. லேப்டாப்போடு பேசும் இரண்டு வழிகள் இவை: சாட்டா பழையது, என்.வி.எம்.இ. புதியது, வேகமானது. இதில் பெரும்பாலும் நமக்குத் தேர்வே இல்லை. லேப்டாப்பில் எந்த இடம் இருக்கிறதோ அதுதான். பழைய அரசு லேப்டாப்பில் 2.5 அங்குலம் மட்டும். அதற்கு 7 மி.மீ. தடிமன் சாட்டா எஸ்.எஸ்.டி. சரியாகப் பொருந்தும். பழைய ஹார்டு டிஸ்க் 9.5 மி.மீ. என்றால் 2.5 மி.மீ. இடைவெளி ஆடும், சில எஸ்.எஸ்.டி.களோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிவிட்டால் போதும்.

ஏமாற இடம் இருப்பது எம்.2 ஸ்லாட்டில். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும். அதே வடிவத்தில் சாட்டாவும் உண்டு, என்.வி.எம்.இ.யும் உண்டு. பல பழைய லேப்டாப்களின் எம்.2 ஸ்லாட் சாட்டாவை மட்டும் ஏற்கும், அதில் என்.வி.எம்.இ. போட்டால் எதுவும் கெடாது, ஆனால் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) பெயரே தெரியாது. புதிய லேப்டாப்கள் பலவற்றில் நேர் எதிர்: என்.வி.எம்.இ. மட்டும். தங்கமுனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரு வெட்டு என்றால் என்.வி.எம்.இ. என்பது ஒரு அடையாளம்தான், முழு உத்தரவாதம் இல்லை. லேப்டாப் மாடல் எண்ணைப் போட்டு தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவலைப் பார்ப்பதே நிச்சயம். நீளமும் முக்கியம்: 2280 என்றால் 80 மி.மீ., 2242 என்றால் 42 மி.மீ. லெனோவோவின் சில மாடல்களில் 2242 மட்டும்தான் உட்காரும்.

இரண்டும் ஏற்கும் ஸ்லாட் என்றால் என்.வி.எம்.இ. எடுங்கள். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 3500 எம்.பி. வேகத்தை வைத்து, 550 எம்.பி. சாட்டாவைவிட ஆறு மடங்கு வேகமாக விண்டோஸ் திறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில வினாடி வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள், நாளெல்லாம் பத்து இருபது ஜிபி ஃபைலை இங்கும் அங்கும் தள்ளுகிறவர்களுக்குத்தான் அந்த ஆறு மடங்கு கண்ணில் படும். ஏற்கனவே சாட்டா எஸ்.எஸ்.டி. இருக்கிற லேப்டாப்பை என்.வி.எம்.இ.க்கு மாற்றுவது, என்னைக் கேட்டால், வீண் செலவு.

அளவில் 256 ஜிபியைவிட 500 ஜிபி வகை நல்லது. இடம் மட்டும் காரணமில்லை. ஒரே மாடலில் பெரிய அளவுக்கு எழுத்து ஆயுளும் அதிகம். இந்த ஆயுளை டி.பி.டபிள்யூ. (மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம்) என்று பெட்டியிலோ இணையத்தளத்திலோ போட்டிருப்பார்கள். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு 300, க்ரூஷியல் பி.எக்ஸ்.500-ன் 480 ஜிபிக்கு 120. இரண்டுமே வீட்டு உபயோகத்துக்குத் தாராளம், ஆனால் விலை வித்தியாசம் எதற்கு என்று இந்த எண் சொல்லிவிடும். எண்ணே போடாத, பெயர் தெரியாத பிராண்டைத் தொடாதீர்கள். ஆன்லைனில் நம்ப முடியாத மலிவில் வரும் 2 டிபி எஸ்.எஸ்.டி.களில் பல, உள்ளே சின்ன மெமரியை வைத்துக்கொண்டு 2 டிபி என்று பொய் சொல்பவை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழு டிரைவையும் எழுதிப் படித்துப் பார்த்து இந்தக் குட்டை உடைத்துவிடும். திருப்பித் தரும் கெடுவுக்குள் அதை ஓட்டிவிடுங்கள்.

ரேம்: எவ்வளவு, எந்த வகை

2025 இரண்டாம் பாதியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றம், பழைய அறிவுரைகளைச் செல்லாக்காசாக்கிவிட்டது. சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் ஏ.ஐ. சர்வர்களுக்கான மெமரிப் பக்கம் சாய்ந்ததே காரணம். மைக்ரான் அந்த ஆண்டு டிசம்பரில், க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்கும் வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. பழைய தலைமுறை ரேமான டி.டி.ஆர்.4 மலிவாக இருக்கும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. அதன் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். ‘எதற்கும் இருக்கட்டும், 16 போட்டுக்கோங்க’ என்று சொல்லும் காலம் போய்விட்டது. குறைவது எவ்வளவோ அவ்வளவு மட்டும் வாங்குங்கள்.

பிரவுசிங் சென்டர், ஆன்லைன் விண்ணப்பம், டேலி, ஆசிரியர்களின் எமிஸ் பதிவு, ஆன்லைன் வகுப்பு, இவற்றுக்கு எஸ்.எஸ்.டி.யோடு 8 ஜிபி நிறைவாகப் போதும். 4 ஜிபியில் எஸ்.எஸ்.டி. மட்டும் போட்டாலும் நாலைந்து டேப் வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் மூச்சு வாங்கும். 16 வேண்டியவர்கள்: ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் எமுலேட்டர் ஓட்டும் பர்கூர், செட்டிக்கரைப் பொறியியல் மாணவர்கள், ஓசூரில் பெரிய சாலிட்வொர்க்ஸ் அசெம்பிளி திறக்கும் டிசைனர்கள், பல லேயர் ஃபோட்டோஷாப் ஆல்பம் செய்யும் ஸ்டுடியோக்காரர்கள், வீட்டிலிருந்து டாக்கரோ வெர்ச்சுவல் மெஷினோ ஓட்டும் ஐ.டி. ஆட்கள். இவர்களுக்கு 16 ஆடம்பரம் இல்லை.

வாங்கும் முன் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்திலேயே கீழே பாருங்கள். இரண்டில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது, வேகம் எவ்வளவு, வடிவம் என்ன என்று இருக்கும். வடிவம் ‘எஸ்.ஓ.டிம்’ என்றால் கழற்றி மாட்டலாம். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றால் போர்டிலேயே பற்றவைத்தது. சி.பி.யு-இசட் மென்பொருளில் எல்.பி.டி.டி.ஆர். என்று தொடங்கும் பெயர் வந்தால் பெரும்பாலும் அந்தக் கதை அங்கேயே முடிந்தது. மெல்லிய லேப்டாப்களில் 4 அல்லது 8 ஜிபி பற்றவைத்து, கூடவே ஒரு ஸ்லாட் கொடுத்திருப்பதும் உண்டு.

டி.டி.ஆர்.3, 4, 5 மூன்றும் ஒன்றுக்கொன்று மாறாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். அதனால் தப்பாகப் போட முடியாது. தப்பு நடப்பது டி.டி.ஆர்.3-க்கும் டி.டி.ஆர்.3எல்-க்கும் நடுவில். இரண்டுக்கும் 204 பின், வெட்டும் ஒரே இடம். ஆனால் முதலாவது 1.5 வோல்ட், இரண்டாவது 1.35 வோல்ட். இன்டெல் நான்காம், ஐந்தாம் தலைமுறை லேப்டாப்பில் 1.5 வோல்ட் ஸ்டிக்கை மாட்டினால் திரை கறுப்பாகவே நிற்கும். ஸ்டிக்கின் லேபிளில் ‘3எல்’ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்தத் தலைமுறையில் ஒரு ஸ்லாட்டுக்குப் பெரும்பாலும் 8 ஜிபிதான் உச்சம் என்பதும் நினைவிருக்கட்டும்.

டி.டி.ஆர்.4-ல் 2400-ஐயும் 3200-ஐயும் சேர்த்துப் போடலாம். இரண்டும் 2400-ல் ஓடும். 4-ம் 8-ம் சேர்த்து 12 ஆக்குவதிலும் தவறில்லை. ஆனால் இரண்டு ஸ்லாட் இருந்து ஒன்று காலியாக இருந்தால், பழையதைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரே 16 போடுவதைவிட, இருப்பதோடு இன்னொரு 8 சேர்ப்பது எல்லா வகையிலும் நல்லது. காசு மிச்சம், டூயல் சேனலும் (இரண்டு ரேமையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவது) கிடைக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில், அதிலும் ஏ.எம்.டி. ரைசனில், டூயல் சேனலால் கேமும் வீடியோவும் கண்ணுக்குத் தெரிகிற அளவு சீராகும்.

ரேமை செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். எஸ்.எஸ்.டி.யைப் போல எழுத எழுதத் தேயும் பொருள் இல்லை அது. நல்ல நிலையில் இருக்கிறதா என்று மெம்டெஸ்ட்86-ஐ ஒரு இரவு ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் லேபிள் ஒட்டிய கம்பெனி லேப்டாப் ரேம் நம்பகமானது. பழைய எஸ்.எஸ்.டி. வேண்டாம்.

எங்கே வாங்குவது

உள்ளூர்க் கடை, சேலம், பெங்களூரு எஸ்.பி. ரோடு (எலக்ட்ரானிக்ஸ் கடைத் தெரு), ஆன்லைன் என்று நான்கு வழி. ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு 40 கி.மீ.தான், எஸ்.பி. ரோடு சரிதான். தருமபுரியிலிருந்து ஒரு ரேம் ஸ்டிக்குக்காகப் போய் வந்தால் மிச்சப்படுத்தியது பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். பொருந்தாவிட்டால் மறுபடி போக வேண்டும். எஸ்.எஸ்.டி. ஆன்லைனில் வாங்கலாம், விற்பவர் பெயரையும் வாரண்டி வருடத்தையும் பார்த்துக்கொண்டு. ரேமை மட்டும் உள்ளூரில், லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போய், மாட்டி ஆன் ஆவதைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். நூறு இருநூறு கூடுதலானாலும் பரவாயில்லை. ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள்; வாரண்டிக்கு அதுதான் சாட்சி.

மாட்டும்போது கெடுவது எங்கே

முதலில் பிட்லாக்கர். விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் 48 இலக்க ரெகவரி எண்ணை எழுதி வைத்துக்கொள்ளாமல் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். பிறகு ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், அப்போதுதான் முழுதாக அணையும். அடி மூடியைத் திறக்க பி.எச்.0 ஸ்க்ரூ டிரைவரும் பழைய ஏ.டி.எம். கார்டும் போதும். மறைந்த ஸ்க்ரூ ரப்பர் காலுக்கு அடியில் இருக்கலாம். நீள ஸ்க்ரூவும் குட்டை ஸ்க்ரூவும் எங்கிருந்து வந்தன என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். குட்டை இருந்த இடத்தில் நீளத்தை முறுக்கினால் மேலே டச்பேடு பக்கம் குத்திக்கொண்டு வரும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது, பிறகு பவர் பட்டனை 15 வினாடி அழுத்திப் பிடிப்பது.

ரேமைச் சாய்வாகச் செருகி, தங்கமுனை கண்ணுக்குத் தெரியாத அளவு உள்ளே போனபின் கீழே அமுக்க வேண்டும். இரண்டு பக்கமும் கிளிப் ‘டிக்’ என்று மாட்டும். ஆன் செய்ததும் திரை வராவிட்டால் பதறாதீர்கள். புது ரேமை லேப்டாப் பழகிக்கொள்ள ஓரிரு நிமிடம் ஆகலாம், டி.டி.ஆர்.5-ல் இன்னும் கொஞ்சம் கூட. ஐந்து நிமிடம் கடந்தும் வரவில்லை என்றால் கழற்றி, முனையை ரப்பரால் லேசாகத் துடைத்து மறுபடி மாட்டுங்கள். பெரும்பாலும் சரியாக உட்காராததுதான் கோளாறு.

விண்டோஸை அப்படியே குளோன் செய்வதா, புதிதாகப் போடுவதா? நான்கைந்து வருடம் ஓடிய விண்டோஸ் என்றால் புதிதாகப் போடுவதே நல்லது. லைசன்ஸ் மதர்போர்டோடு பதிந்திருப்பதால் கீ கேட்காது. ஆனால் மூன்று விஷயத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்: டேலியில் லைசன்ஸை சரண்டர் செய்துவிட்டு டேட்டா ஃபோல்டரை பேக்கப் எடுப்பது, டி.டி.பி. வேலை செய்பவர்கள் பாமினி, வானவில் எழுத்துருக்கள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரைக் காப்பி செய்வது, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை எடுத்து வைப்பது. குளோன் என்றால் க்ளோன்ஜில்லா இருக்கிறது. எது மூலம், எது இலக்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் வெற்று எஸ்.எஸ்.டி. உங்கள் டேட்டா மேல் எழுதப்பட்டுவிடும், ஆகவே அளவையும் மாடல் பெயரையும் இருமுறை படியுங்கள். அதற்கும் முன், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பழைய டிஸ்க் ‘காஷன்’ என்று மஞ்சளில் காட்டினால் குளோனை மறந்துவிட்டு, போட்டோவும் டாகுமென்ட்டும் முதலில் வெளியே எடுங்கள்.

புதிய இன்டெல் லேப்டாப்களில் விண்டோஸ் போடும்போது ‘டிரைவ் எதுவும் இல்லை’ என்று வரலாம். எஸ்.எஸ்.டி. கெட்டது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பயாஸில் வி.எம்.டி. (டிரைவை நிர்வகிக்கும் இன்டெல் வசதி) ஆன் ஆகியிருப்பதுதான் பெரும்பாலும் காரணம்; இன்டெல் ஆர்.எஸ்.டி. டிரைவரைப் பென் டிரைவில் வைத்து ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் தெரியும்.

காசு போடவே கூடாத லேப்டாப்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதற்கு முந்தைய லேப்டாப்புக்கு, அரசு லேப்டாப்கள் பலவும் இதில் அடக்கம், ஒரு 240 ஜிபி சாட்டா எஸ்.எஸ்.டி.யோடு நிறுத்திக்கொண்டு விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் மின்ட் போட்டு பிள்ளைகள் படிக்க விடலாம். டி.டி.ஆர்.3எல் ரேம் சும்மா கிடைத்தால் மாட்டுங்கள், தேடிப் போய் வாங்காதீர்கள். ரேம், எஸ்.எஸ்.டி., பேட்டரி மூன்றும் சேர்ந்து, எட்டாம் தலைமுறை செகண்ட் ஹேண்ட் லேப்டாப் விலையில் பாதியைத் தொட்டுவிட்டால் அதையே வாங்கிவிடுங்கள். அதில் பெரும்பாலும் 8 ஜிபியும் எஸ்.எஸ்.டி.யும் ஏற்கனவே இருக்கும்.

கழற்றிய ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் 2.5 அங்குல யு.எஸ்.பி. 3.0 கேஸ் ஒன்றில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் முன்னறிவிப்பு கொடுக்காமல் சாகும், அழித்த ஃபைலை அதிலிருந்து மீட்பதும் கிட்டத்தட்ட நடக்காத காரியம். டி.வி.டி. டிரைவ் இருக்கிற லேப்டாப் என்றால் அந்த இடத்தில் கேடி (டிஸ்க்கைத் தாங்கும் சட்டம்) வைத்து ஹார்டு டிஸ்க்கை உள்ளேயே மாட்டலாம், கேடி 9.5 மி.மீ.யா 12.7 மி.மீ.யா என்று டி.வி.டி. டிரைவை அளந்துவிட்டு வாங்குங்கள். எஸ்.எஸ்.டி. எப்போதும் பழைய ஹார்டு டிஸ்க் இருந்த இடத்துக்கே போகட்டும்; டி.வி.டி. பக்கத்து சாட்டா இணைப்பு பழைய லேப்டாப்களில் பாதி வேகத்தில் ஓடுவது உண்டு.